வீசக் கணக்கில் ஒரு குரல்

தமிழில் ‘ஏலம்’ என்றால் ஏலக்காய். ‘ஏலம்’ என்றால் விலை கேட்டு விற்பதும் அதுவேதான். இரண்டு ஏலமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஊர் போடிநாயக்கனூர். இப்போது அங்கே கூவுவாரில்லை. ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் நடக்கும் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் வாயைத் திறக்காமல் விரலால் விலை கேட்கிறார்கள். எங்கள் ராசிங்காபுரம் பக்கத்தில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்களும், மலையிலிருந்து இறங்கும் காயைப் பொறுக்கித் தரம் பிரிக்கிறவர்களும் உண்டு. ஆகவே சல்லடையைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தச் சல்லடையைச் சற்றே கவனித்துப் பார்க்க வேண்டும். ஏலக்காய் எல்லா அளவிலும் விளைகிறது. ஏழு மில்லிமீட்டருக்கும் எட்டு மில்லிமீட்டருக்கும் நடுவே கோடானுகோடி அளவுகள் இருக்கலாம். இயற்கை அங்கே கோடு போட்டு வைக்கவில்லை. கோடு போடுகிறவன் மனிதன். அவன் எப்படிப் போடுகிறான்? பெருங்காய்களை ஏழு, ஏழரை, எட்டு என்று அரை அரை மில்லிமீட்டராகப் பார்த்துப் பிரிக்கிறான். சிறு காய்களுக்கு அந்த மரியாதை கிடையாது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடுகிறான். காரணம் வெளிப்படை. பெருங்காயில் அரை மில்லிமீட்டர் கூடினால் விலை ஏறுகிறது; சிறு காயில் கூடினால் யாரும் காசு கூட்டித் தருவதில்லை. விலை எங்கே துடிக்கிறதோ அங்கே கோடுகள் நெருங்கி நிற்கின்றன.

தொடர்ச்சியாக ஓடும் ஒரு அளவை எண்ணிக்கைக்கு அடங்கிய சில குவியல்களாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் கொடுப்பதுதான் இன்று உலகமெல்லாம் பேசப்படும் ‘டிஜிட்டல்’ என்ற சொல்லின் உட்பொருள். குவியல்களைச் சம இடைவெளியில் பிரிப்பது ஒரு முறை. ஏற்றத்தாழ்வாகப் பிரிப்பது மற்றொரு முறை. இந்த இரண்டாவது முறையால்தான் இந்தியக் கிராமங்களின் தொலைபேசிக் குரல்கள் ஒரு காலத்தில் உலகத்தை எட்டின. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஏற்றத்தாழ்வாக அளப்பது யந்திரங்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. நம் உடம்பே அப்படித்தான் அளக்கிறது. கையில் ஒரு கிலோ எடையை வைத்துக்கொண்டிருக்கும்போது பத்து கிராம் கூட்டினால் நமக்குத் தெரிவதில்லை. ஐம்பது கிராம் இருக்கும்போது அதே பத்தைக் கூட்டினால் உடனே தெரிந்துவிடுகிறது. ஜெர்மனியில் வேபர் என்ற பேராசிரியர் 1834-இல் இதைச் சோதித்து எழுதினார். ஃபெக்னர் 1860-இல் அதையே ஒரு சாஸ்திரமாக விரித்தார். உணர்ச்சிக்குக் கூட்டல் கணக்கு தெரியாது. விகிதக் கணக்குத்தான் தெரியும் என்பது சாரம்.

இந்த விஷயத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பழங்கால கிரேக்கர்கள் நட்சத்திரங்களை ஒளியின்படி ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். தாலமியின் அட்டவணையில் அந்த ஆறு வகுப்புகளைக் காணலாம். கண்ணுக்கு அவை ஆறு சமமான படிகள். ஆனால் உண்மையான ஒளியை அளந்து பார்த்தால், முதல் வகுப்பு நட்சத்திரம் ஆறாம் வகுப்பைப்போலச் சுமார் நூறு மடங்கு பிரகாசம் உடையது! 1856-இல் ஆக்ஸ்போர்டில் இருந்த நார்மன் போக்ஸன் என்ற வானியலார், ஒவ்வொரு படியும் அடுத்ததைவிட 2.512 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். ஐந்து படி ஏறினால் சரியாக நூறு மடங்கு ஆகிவிடும். அதே போக்ஸன் 1861-இல் சென்னை நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, 1891-இல் காலமாகும் வரை இங்கேயே உழைத்தார். அந்த நிலையத்தின் வேலைதான் 1899-இல் கோடைக்கானல் மலைக்கு ஏறியது. போக்ஸன் வகுத்த படிக்கட்டில்தான் இன்றும் உலகத்து வானியலார் நட்சத்திரங்களை நிறுத்துகிறார்கள்.

கண்ணைப் போலவே காதும். ரகசியம் பேசுவதிலும் உரக்கப் பேசுவதிலும் காற்று அதிரும் அளவு பல நூறு மடங்கு வித்தியாசப்படும். காது இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. மெல்லிய சத்தத்தில் மிகச் சிறிய பேதத்தையும் கண்டுகொள்ளும். பெரிய சத்தத்தில் பெரிய பேதத்தைக்கூட மன்னித்துவிடும்.

இனித் தொலைபேசிக்கு வருவோம். பழைய டிரங்க் கால் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பம்பாய் மண்டிக்கு ஏலக்காய் விலை கேட்க ஒருவர் பேசினால், பாதி ஊருக்கு விலை தெரிந்துவிடுமாம். கத்தாமல் என்ன செய்வது? தூரம் போகப் போகக் குரல் தேய்ந்துபோகும். வழியில் ஊக்கி அனுப்பும் கருவிகளை வைத்தால், அவை குரலோடு இரைச்சலையும் சேர்த்தே ஊக்கும். பத்து இடத்தில் ஊக்கினால் பத்து இடத்து இரைச்சலும் சேர்ந்து வரும்.

இதற்கு ஒரு மாற்று வழியை 1937-இல் பாரிஸ் நகரத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டார். குரலை அப்படியே அனுப்புவானேன்? குரலின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, அளவை எண்ணாக்கி, எண்ணை மட்டும் அனுப்பினால் போதுமே! எண் என்பது ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே குறிகளால் ஆனது. வழியில் எத்தனை இரைச்சல் சேர்ந்தாலும், ‘உண்டா, இல்லையா’ என்று கேட்டுப் புதிதாக எழுதி அனுப்பிவிடலாம். 1938-இல் பிரான்ஸில் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். யோசனை பொன்னானது, செய்து பார்க்கத்தான் வழியில்லை. அந்நாளைய வால்வுக் குழல்களைக் கொண்டு செய்தால் செலவு கட்டாது. டிரான்ஸிஸ்டர் வந்த பிறகு, 1962-இல்தான் அமெரிக்காவில் பெல் கம்பெனியார் 24 பேச்சுகளை ஒரே கம்பி வழியில் எண்களாக அனுப்பும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விநாடிக்கு 8,000 தடவை குரலை அளப்பது என்று ஏற்பட்டது.

ஒவ்வொரு தடவையும் எத்தனை நுட்பமாக அளப்பது என்பதுதான் கேள்வி. எட்டுக் குறிகள், அதாவது எட்டு ‘பிட்’, ஒதுக்கினால் 256 படிகள் கிடைக்கும். குரலின் அலை மேலும் கீழும் ஆடுவதால் மேலே 128, கீழே 128. இவற்றைச் சமமாகப் பிரித்தால் என்ன ஆகும்?

இங்கே நம் பாட்டன்மார்களின் பின்னக் கணக்கைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். ஒன்றில் பாதி அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. அதற்கும் கீழே அரை வீசம், கால் வீசம், அரைக்கால் வீசம் என்று போகும். அரைக்கால் வீசம் என்பது 128-இல் ஒரு பங்கு. ஆகவே, சமமாகப் பிரித்தால் ஒரு படியின் உயரம் சரியாக அரைக்கால் வீசம். உரக்கப் பேசுகிறவருக்கு அது போதும், போதுமென்ன, மிச்சம். ஆனால் நீண்ட கம்பியின் கடைக்கோடியிலிருந்து பேசும் ஒருவரின் குரல் தேய்ந்து அரைக்கால் வீச உயரத்துக்கே வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் முழுவதும் மேலே ஒரு படி, கீழே ஒரு படி என்பதற்குள் அடங்கிவிடும். அவர் என்ன பேசினாலும் யந்திரத்துக்கு இரண்டே எண்கள்தான்! சமமாக அளந்ததன் பலன், மெல்லப் பேசுகிறவன் ஊமையாகிவிடுகிறான்.

பன்னிரண்டு பிட் கொடுத்து 4,096 படிகளாகப் பிரித்தால் அவர் பிழைப்பார். ஆனால் 30 பேர் பேசக்கூடிய கம்பியில் 20 பேர்தான் பேச முடியும். கம்பி செம்பு, செம்பு பணம்.

இந்த இக்கட்டிலிருந்து தப்பும் வழிதான் ஏற்றத்தாழ்வான படிக்கட்டு. ஐரோப்பாவில் ஏற்பட்டு இந்தியாவும் கைக்கொண்ட ‘ஏ-விதி’யைப் பாருங்கள். நம் பின்ன வாய்பாட்டைக் கேட்டு எழுதியதுபோல இருக்கும். ஒன்றிலிருந்து அரை வரை ஓர் அடுக்கு. அரையிலிருந்து கால் வரை அடுத்த அடுக்கு. பிறகு அரைக்கால், வீசம், அரை வீசம், கால் வீசம், அரைக்கால் வீசம் என்று ஒவ்வோர் எல்லைக்கும் ஓர் அடுக்கு. அதற்கும் கீழே சூனியம் வரை கடைசி அடுக்கு. ஆக எட்டு அடுக்குகள். ஒவ்வொன்றிலும் பதினாறு படிகள். மேலா, கீழா என்று சொல்ல ஒரு பிட். எந்த அடுக்கு என்று சொல்ல மூன்று. எந்தப் படி என்று சொல்ல நான்கு. மொத்தம் அதே எட்டு.

கடைக்கோடிக்காரரின் தேய்ந்த குரலுக்கு இப்போது பதினாறு படிகள் கிடைத்துவிட்டன. அந்த இடத்தில் பன்னிரண்டு பிட்டுக்கு உண்டான நுட்பம் எட்டு பிட்டிலேயே வந்துவிட்டது.

உலகத்தில் இனாம் என்பது கிடையாது அல்லவா? இதற்கு விலை கொடுப்பவர் உரக்கப் பேசுகிறவர். உச்சியில் உள்ள அடுக்கில் ஒரு படியின் உயரம் அரை வீசம். சமமான படிக்கட்டில் இருந்ததைப்போல நான்கு மடங்கு முரடு. அவருடைய குரலில் பிசகு கூடுகிறது. ஆனால் அவருடைய சத்தத்திலேயே அந்தப் பிசகு அமுங்கிப்போவதால், கேட்கிறவர் காது அதைக் குறையாகச் சொல்வதில்லை. கத்தினாலும் சரி, மெல்லப் பேசினாலும் சரி, குரலுக்கும் பிசகுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே படி என்பது ஒரு நியாயம். எல்லோருக்கும் ஒரே தெளிவு என்பது வேறொரு நியாயம். தொலைபேசி இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது.

ஏலக்காய்ச் சல்லடை பெரியதன் பக்கம் கோட்டை நெருக்குகிறது. தொலைபேசி சிறியதன் பக்கம் நெருக்குகிறது. ஆகவே, ‘சிறியதற்கே சலுகை’ என்று பொது விதி எதுவும் இல்லை. எதில் பேதம் தெரிந்தால் நமக்குப் பிரயோஜனமோ அதற்குப் படிகளைக் கொடு என்பதுதான் விதி.

யோசனையைத் தாளில் எழுதுவது சுலபம். கருவியில் செய்வது கஷ்டம். 1957-இல் பெல் ஆராய்ச்சிக் கூடத்து பெர்னார்டு ஸ்மித் இதன் கணக்கை விரிவாக எழுதினார். முதல் கருவிகளில், பேசும் முனையில் டயோடு என்ற உறுப்பு பெரிய குரலை அமுக்கும். கேட்கும் முனையில் மற்றொரு டயோடு அதை விரிக்கும். அமுக்கின அளவுக்குச் சரியாக விரிக்க வேண்டும். இரண்டு ஊர்களில் உள்ள இரண்டு டயோடுகளும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால்தான் முடியும். இரட்டைப் பிள்ளைகளே ஆனாலும், ஒருவர் வெயிலிலும் ஒருவர் குளிரிலும் இருந்தால் குணம் மாறிவிடும். டயோடு உஷ்ணத்துக்கு ஏற்ப நடத்தையை மாற்றிக்கொள்ளும் ஜாதி. வளைகோட்டை நம்பினால் வந்த வினை இது.

ஆகவே வளைகோட்டை விட்டுவிட்டு, அதைச் சிறு சிறு நேர்கோடுகளாக முறித்துக்கொண்டார்கள். நான் மேலே சொன்ன எட்டு அடுக்குகள் அப்படிப் பிறந்தவைதான். நேர்கோட்டுக்கும் இரட்டிப்புக்கும் கணக்கு ஒன்றே. உஷ்ணத்தால் அரை முக்கால் ஆகாது. 1976-இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிவிடிஸ், கிரே, ஹாட்ஜஸ் முதலியோர் இந்த அளவையை ஒரே சிலிக்கன் சில்லில் செய்து காட்டினார்கள். அது செய்யும் வேலையைத் தராசு பிடித்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துப் போகும் மின்தேக்கிகள்தான் அதற்குப் படிக்கற்கள். முதலில் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும். மூன்று நிறுவையில் எந்த அடுக்கு என்று கண்டுபிடிக்கும். நான்கு நிறுவையில் எந்தப் படி என்று முடித்துவிடும். எட்டே நிறுவை. இதையெல்லாம் விநாடியில் எண்ணாயிரத்தில் ஒரு பங்குக்குள் செய்துவிடும்! அதற்கு முன்பு அளக்கும் கருவியின் விலை காரணமாகப் பலருக்கும் பொதுவாக ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார்கள். சில்லு வந்தபின் ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனியாக ஒன்று வைக்க முடிந்தது.

இதற்குள் உலகம் இரண்டு கட்சியாகிவிட்டது. அமெரிக்காவும் ஜப்பானும் ‘மியூ-விதி’யைப் பின்பற்றின, ஐரோப்பா ‘ஏ-விதி’யைப் பின்பற்றியது. முன்னதில் 24 பேச்சுக்கு ஒரு கட்டு. பின்னதில் 30 பேச்சுக்கு ஒரு கட்டு. மியூ-விதிக்கு மிக மெல்லிய குரலில் நுட்பம் சற்று அதிகம். மேலும் அதில் மௌனத்துக்கென்று ஒரு படி உண்டு. ஏ-விதியில் அது இல்லை. சூனியத்துக்கு மேலே ஒரு படி, கீழே ஒரு படி. இம்மியளவு இரைச்சல் வந்தாலும் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக ஏ-விதியில் தெளிவின் விகிதம் குரலின் பெரும் பரப்பில் நிதானமாக நிற்கும். 1972-இல் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சபை இரண்டையும் சேர்த்தே அங்கீகரித்தது. இரண்டு விதிகளும் சந்திக்கும் இடத்தில் மாற்றும் பொறுப்பு மியூ-விதிக்காரர்களுடையது என்றும் தீர்மானித்தது.

இந்தியாவின் தேர்வு ஏ-விதியும் முப்பதின் கட்டும். 1984 ஆகஸ்டில் சி-டாட் என்ற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் ஏற்பட்டது. அதன் பின்னணியில் இருந்த சாம் பிட்ரோடாவின் பெயர் எல்லோரும் அறிந்தது. முப்பத்தாறு மாதம், முப்பத்தாறு கோடி ரூபாய் என்று கெடு வைத்து வேலை தொடங்கினார்கள். மேல்நாட்டு எக்ஸ்சேஞ்சுகள் பெருநகரத்துக்கென்று செய்தவை. பல்லாயிரம் இணைப்புகளையும் குளிரூட்டிய அறையையும் எதிர்பார்ப்பவை. இவர்களோ கிராமத்தை நினைத்து, குளிர்சாதனம் இல்லாமலே புழுதியிலும் புழுக்கத்திலும் வேலை செய்யும் 128 முனைகள் கொண்ட சிறிய எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். அதன் முதல் பிரதி 1986-இல் கர்நாடகத்தில் கிட்டூர் என்ற ஊரில் நிறுவப்பட்டது. ஆங்கிலேயரை எதிர்த்த ராணி சென்னம்மாவின் ஊர் அது.

கிராமத்திலேயே எக்ஸ்சேஞ்ச் வந்ததனால் கம்பியின் நீளம் குறைந்தது. குரல் தேயுமுன்பே அளந்து எண்ணாகிவிட்டது. எண்ணான பிறகு போடியும் ஒன்றுதான், பம்பாயும் ஒன்றுதான். தொண்ணூறுகளில் மூலைக்கு மூலை முளைத்த எஸ்.டி.டி. பூத்துகளில் நின்று பேசியவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலவே பேசலாம். கல்யாணச் செய்தியோ, கடன் கேட்பதோ, தெருவுக்குத் தெரியாமல் போயிற்று. ஏழைக்கு ரகசியம் என்று ஒன்று கிடைத்ததே, அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சங்கடங்களையும் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசும் ஏற்பாட்டில் குரல்களைக் கூட்ட வேண்டியிருக்கும். சமமான படிகளாக இருந்தால் எண்ணோடு எண்ணைக் கூட்டினால் முடிந்தது. ஏற்றத்தாழ்வான படிகளில் அப்படிக் கூட்ட முடியாது. வீசத்தில் ஐந்தையும் அரையில் ஐந்தையும் சேர்த்துப் பத்து என்றால் கணக்குப்பிள்ளை சிரிப்பான். ஒவ்வொன்றையும் விரித்து, கூட்டி, மறுபடி அமுக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிடப்பட்டது. கம்ப்யூட்டர்கள் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் மூலம் கீச்சிட்டுப் பேசின. அந்தக் கீச்சு மனிதக் குரல் அல்ல. அதற்கு மெல்லிய இடம், உரத்த இடம் என்ற பேதமில்லை. எப்போதும் ஒரே உரத்த சுருதி. ஆகவே முரட்டுப் படிகளிலேயே அதன் காலம் கழிந்தது. காதுக்குத் தெரியாத பிசகு கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. விநாடிக்கு 33,600 பிட்டுக்கு மேல் போக முடியவில்லை. 1998-இல் வந்த புதிய முறை, எக்ஸ்சேஞ்சின் படிக்கட்டையே மனப்பாடம் செய்துகொண்டு, அந்தப் படிகளின் மேலேயே காலை வைத்து நடந்து, இறங்கும் திசையில் மட்டும் 56,000 வரை எட்டியது. ஒருவருக்கென்று தைத்த சட்டையை மற்றவர் போட்டுக்கொண்டால் கையைச் சுருக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. நுட்பமான சமப் படிக்கட்டுச் சில்லுகள் மலிவாகிவிட்டன. முதலில் சமமாகவே அளந்துகொண்டு, பிற்பாடு எண்களுக்குள்ளேயே அமுக்கிக்கொள்கிறார்கள். ஏற்றத்தாழ்வாகவே அளக்கும் பழைய சில்லுக்கு வேலை குறைந்துபோயிற்று. கைப்பேசியின் வானலைப் பாதையில் வேறு வகைச் சுருக்கங்கள் ஆட்சி செய்கின்றன. ஆயினும் அலுவலகத் தொலைபேசிகளில் 1972-இன் விதி இன்னும் உயிரோடிருக்கிறது.

அதைவிட விசேஷம் ஒன்று உண்டு. செயற்கை அறிவு என்று இன்று பேசப்படும் ராட்சதக் கணக்குகளுக்கு எண்களை வைக்க இடம் போதவில்லை. 2022-இல் பெரிய சில்லுக் கம்பெனிகள் சில கூடி, எட்டே பிட்டில் எண்ணைச் சுருக்கும் ஒரு முறையை முன்மொழிந்தன. அதன் ஒரு வகையில் கூட்டலா கழித்தலா என்பதற்கு ஒரு பிட். எந்த அடுக்கு என்பதற்கு நான்கு. அடுக்குக்குள் எந்தப் படி என்பதற்கு மூன்று. தொலைபேசியின் படிக்கட்டுக்கு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். பண்டம் குறைவாக இருக்கும்போதெல்லாம் மனித புத்தி இதே வாசலில் வந்து நிற்கிறது.

நம் முன்னோர் அரைக்கால் வீசத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தது கணக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அத்தனை சிறிய பங்குக்கும் உரிமைக்காரன் ஒருவன் இருந்தான். அவனிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெரும் பங்குக்காரனுக்கு ஒரு வீசம் முன்னே பின்னே போனால் தெரியாது. அரைக்கால் வீசக்காரனுக்கு அதுதான் சொத்து.